வாடகை நாக்கு

(மேடைப் பேச்சின் எழுத்து வடிவம்)

தோழனே!

மேடையிலே நின்று முழங்கியதை ஏட்டிலே எழுதித் தருகிறேன். மேடையில் பலர் கேட்டனர். ஏட்டில் நீ ஒருவன் கேட்கிறாய். கூட்டம் கைதட்டும், தனியே அமர்ந்து படிப்பவனோ கணக்குக் கேட்பான். கேள், கணக்கோடுதான் வந்திருக்கிறேன்.

உன்னை ஒரு நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறேன். நம் நாட்டு நீதிமன்றமன்று. கடல் கடந்து, அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், சான்பிரான்சிஸ்கோ நகரத்து மன்றம். காலம், 1940ஐ ஒட்டிய ஆண்டுகள். உயர்ந்த இருக்கையில் நீதிபதி. ஒரு பக்கம் பன்னிரண்டு ஜூரிகள். கடை வைத்திருப்போர், கணக்கெழுதுவோர், இல்லறம் நடத்துவோர் என்று உன்னையும் என்னையும் போன்றோர் அமரும் இருக்கைகள் அவை. எதிரே ஒரு பெண். டிராம் வண்டியின் சக்கரத்துக்குத் தன் காலைக் காணிக்கையாக்கியவள்!

எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் வாதிடுகிறார். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டதாம், செயற்கைக் கால் வந்துவிட்டதாம், அதை மாட்டிக்கொண்டால் ஆடலாம், ஓடலாம், வாழ்வில் குறையொன்றும் இராதாம்! அவ்வளவு நல்ல காலென்றால், தம் காலைக் கழற்றிவிட்டு அதை அவரே அணிந்துகொள்ளலாமே! ஆனால் நீதிமன்றத்தில் அப்படிக் கேட்க முடியுமா?

பெண்ணின் வழக்கறிஞர் கேட்கவில்லை. அவருடைய மேசைமீது ஒரு பொட்டலம் கிடந்தது. மஞ்சள் தாளில் சுற்றி, வெள்ளை நூலால் கட்டி, நம் 'ட' எழுத்தைப் போல முனை மடங்கி நீண்டு கிடந்த பொட்டலம். அதை அவர் இங்கிருந்து அங்கே நகர்த்துவார். அங்கிருந்து இங்கே நகர்த்துவார். என்னவென்று சொல்ல மாட்டார். ஜூரிகளின் கண்கள் எல்லாம் அதன்மீதே! வெட்டுண்ட காலையே கொண்டுவந்துவிட்டாரோ என்று குலை நடுங்கினர்.

இறுதி வாதத்தன்றுதான் நூலை அவிழ்த்தார். தசையன்று, குருதியன்று, செயற்கைக் கால்! வார்களும் கொக்கிகளும் மூட்டுகளும் கொண்ட கனத்த பொருள். அதை ஜூரிகளிடம் நீட்டினார். தொட்டுப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், இதில் வெதுவெதுப்பு உண்டா, உயிரோட்டம் உண்டா என்பதுதான் அதன் பொருள். முதல் விசாரணையில் 65,000 டாலர் கிடைத்த வழக்கு, மறு விசாரணையில் 1,00,000 டாலரைத் தொட்டது.

அந்த வழக்கறிஞரின் பெயர் மெல்வின் பெல்லி. 1907 ஜூலை 29இல் கலிபோர்னியாவின் சொனோரா என்னும் சிற்றூரில் பிறந்து, 1996 ஜூலை 9இல் மறைந்தவர். மருத்துவத்தால் கேடுற்றோர், இயந்திரத்தால் ஊனமுற்றோர், பண்டத்தால் பாழ்பட்டோர் ஆகியோருக்காக வாதாடி, அமெரிக்கப் பத்திரிகைகளால் இழப்பீட்டு வழக்குகளின் மன்னர் என்று முடிசூட்டப்பட்டவர்.

மன்னர்கள்மீது எனக்கு மயக்கம் கிடையாது என்பதை நீ அறிவாய். பின் ஏன் இவரைப் பற்றிப் பேசுகிறேன்? சட்டக் கல்லூரியின் வாயிலை மிதித்தவனல்லன் நான். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். நாடகம் எழுதுகிறவன். நாடகக்காரன் கண்ணால் இவரைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, பாராட்டும் பிறக்கிறது, பயமும் பிறக்கிறது. இரண்டையும் உன்னிடம் கொட்டுகிறேன்.

பாராட்டிலிருந்து தொடங்குகிறேன். பெல்லி சிலப்பதிகாரம் படித்தவரல்லர். ஆயினும் அவர் கையாண்ட முறை நமக்குப் புதிதா? மதுரை மன்றத்திலே மன்னன் எதிரில் நின்ற கண்ணகி, சட்ட நூலையா புரட்டினாள்? மேற்கோளையா அடுக்கினாள்? என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். எடுத்தாள், உடைத்தாள், தெறித்தது மாணிக்கம்! வாதம் ஒரு சொல். சான்று ஒரு சிலம்பு. காதால் கேட்டவனுக்கு ஐயம் இருக்கலாம்; கண்ணால் கண்டவனுக்கு ஏது ஐயம்?

இந்தப் பாடத்தைப் பெல்லி பல்கலைக் கழகத்தில் கற்கவில்லை. 1933இல் சட்டப் பட்டம் பெற்று வெளிவந்தபோது, அமெரிக்காவே பசியால் படுத்துக் கிடந்தது. அரசாங்கம் அவருக்கு ஒரு வேலை தந்தது. என்ன வேலை தெரியுமா? நாடோடி வேடம்! கந்தலைக் கட்டிக்கொண்டு, சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு, வேலை தேடி அலையும் ஏழைகளோடு ஏழையாய்ச் சுற்றி, அவர்கள் நிலையை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். பட்டம் பெற்ற கையோடு பட்டினிப் பட்டாளத்தைப் பார்த்தவர் அவர்.

பிறகு சான் குவென்டின் சிறைக் கைதி ஒருவனுக்காக வாதாடினார். சக கைதியைக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. தற்காப்புக்காகவே தாக்கினேன் என்பது கைதியின் விடை. சிறைக்குள் கத்தி ஏது என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? கைதிகளிடமிருந்து காவலர் பறித்து வைத்திருந்த கத்திகளை இழுப்பறையோடு மன்றத்துக்கு வரவழைத்தார். அவை ஜூரிகளின் எதிரே கலகலவெனச் சிதறி விழுந்தன. ஆயிரம் சொல்லால் விளக்க முடியாத அச்சத்தை அந்த ஓசை விளக்கியது. கைதி விடுதலை பெற்றான்.

1944இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு உண்டு. உணவு விடுதியில் பரிமாறும் பெண் ஒருத்தி, கொக்கோ கோலாப் புட்டியை எடுத்து அடுக்கும்போது அது கையிலேயே வெடித்தது. பெண்ணின் பக்கம் நின்ற வழக்கறிஞர்களில் பெல்லியும் ஒருவர். தொழிற்சாலையில் எங்கே தவறு நடந்தது என்பதை அந்தப் பணிப்பெண் எப்படிக் காட்டுவாள்? காட்ட வேண்டுவதில்லை, ஒழுங்காகச் செய்த புட்டி தானாக வெடிக்காது, நடந்த நிகழ்ச்சியே தவற்றைப் பேசுகிறது என்றது மன்றம். அதே வழக்கில் நீதிபதி டிரெய்னர் இன்னொரு படி மேலே சென்று, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பண்டத்தைச் செய்து விற்றவனே கேட்டுக்குப் பொறுப்பு என்று தனிக் கருத்து எழுதினார். அன்று தனிக் குரல்; 1963இல் அந்த மாநிலத்தின் சட்டமே அதுவாயிற்று.

இனி மருத்துவத்துக்கு வருவோம்.

தோழனே, மருத்துவர் நமக்குப் பகைவரல்லர். நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருபவர். நம் தாயின் நாடியைப் பிடித்துப் பார்த்து அஞ்சாதே என்று சொல்பவர். ஆனால் மருத்துவரும் மனிதரே. மனிதர் தவறுவர். தவறிய பின் என்ன என்பதுதான் கேள்வி. வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பாகக் கண்டார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர். நான்கும் ஒழுங்காயிருந்தால் நலம். நான்கில் ஒன்று பிழைத்து நோயாளி முடமானால், ஐந்தாவதாக ஒருவர் வேண்டாமா?

அந்த ஐந்தாமவர்தான் பெல்லி. அவர் எதிரில் நின்ற சுவர் எது தெரியுமா? மௌனம்! மருத்துவத் தவற்றுக்கு வழக்குப் போடுபவன் சிலவற்றை மெய்ப்பிக்க வேண்டும். மருத்துவருக்குக் கடமை இருந்தது; அக்கடமையில் தவறினார்; அத்தவற்றாலேயே கேடு வந்தது; கேட்டின் அளவு இவ்வளவு. தவறினார் என்று யார் சொல்வது? தச்சன் சொன்னால் செல்லாது, தையற்காரன் சொன்னால் செல்லாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதிலும் அந்நாளில், அந்த வட்டாரத்து மருத்துவர்களின் வழக்கத்தையே அளவுகோலாக வைத்தனர். அப்படியானால் சாட்சி சொல்ல வர வேண்டியவர் யார்? குற்றம் சாட்டப்பட்டவரின் அடுத்த தெருக்காரர்! அவரோடு விருந்துண்பவர், அவரிடமே நோயாளிகளை அனுப்புபவர், அவர் உறுப்பினராயிருக்கும் சங்கத்திலேயே உறுப்பினர். வருவாரா?

வரவில்லை. மௌனச் சதி என்று இதை ஊரறிய முழங்கியவர் பெல்லி. உள்ளூர் வாய் திறவாதபோது, வெளியூர் மருத்துவரைத் தேடினார். மருத்துவ நூல்களைத் தாமே கற்றார். மன்றத்துக்கு எலும்புக்கூடு வந்தது; பெரிதாக்கிய படங்கள் வந்தன; உறுப்புகளின் உருவமைப்புகள் வந்தன. மருத்துவரின் மந்திர மொழி, மளிகைக் கடைக்காரருக்கும் விளங்கும் மொழியாயிற்று. கற்றதைக் கமுக்கமாய் வைத்துக்கொள்ளவுமில்லை. 1954இல் வழக்கு நடத்தும் கலையை மூன்று தொகுதிகளாக எழுதினார். ஊர் ஊராய்ச் சென்று வழக்கறிஞர்களுக்கு வகுப்பெடுத்தார். அறிவாளிகளின் பூட்டறையில் கிடந்ததை அங்காடித் தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரும் பணி.

அவர் வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த வழக்கு ஒன்று உண்டு. இளம்பிள்ளை வாதம் என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார் நடுங்கிய காலம். சால்க் என்னும் மேதையின் தடுப்பூசி வெற்றி என்று 1955 ஏப்ரல் 12இல் அறிவித்தார்கள். கோயில் மணிகள் ஒலித்தன. மக்கள் தெருவில் நின்று கண்ணீர் விட்டனர். அன்றைக்கே உற்பத்திக்கு உரிமம்! கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருந்த கட்டர் மருந்து ஆலையும் உரிமம் பெற்ற ஆலைகளில் ஒன்று. அதன் ஊசி மருந்தில் கிருமி முற்றிலும் சாகவில்லை. உயிருள்ள கிருமி, காப்பாற்ற வந்த ஊசி வழியாகவே குழந்தைகளின் உடலுக்குள் புகுந்தது. ஏப்ரல் 27இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 40,000 பேருக்கு நோயின் இலேசான வடிவம். ஏறத்தாழ 200 பேருக்கு முடக்கம். 10 பேர் சாவு. ஊசி போட்ட குழந்தையிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றியது அந்தக் கொடுமை.

முடமான இரு குழந்தைகளுக்காகப் பெல்லி வாதாடினார். 1958 ஜனவரியில் தீர்ப்பு. ஜூரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இங்கேதான், தோழனே, நின்று நிதானித்துக் கேட்க வேண்டும். ஆலை கவனக்குறைவாக நடந்துகொண்டதாக நாங்கள் கருதவில்லை என்றார்கள். அரசு வகுத்த விதிகளின்படியே, அன்றைய அறிவுக்கு எட்டியபடியே செய்தார்கள் என்றார்கள். அப்படியானால் வழக்குத் தோற்றதா? இல்லை! குற்றமில்லாவிட்டாலும் இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும். நலம் தரும் என்று உறுதி கூறி விற்ற பொருள் நஞ்சாயிற்று, அந்த உறுதிக்கு விற்றவரே பொறுப்பு என்றார்கள். 1,47,300 டாலர். 1960இல் மேல்முறையீட்டு மன்றமும் அதையே நிலைநாட்டியது.

யார் குற்றவாளி என்று கேட்பது ஒரு நீதி. யார் துன்புறுகிறார், அந்தச் சுமையை யார் தாங்குவது என்று கேட்பது இன்னொரு நீதி. முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டாலும் இரண்டாவது கேள்வி உயிரோடிருக்கிறது என்பதை, அந்தப் பன்னிரண்டு சாமானியர்கள் சட்டப் புலவர்களுக்கே பாடமாகச் சொன்னார்கள்.

இதற்கு மறுபக்கம் இல்லையா? உண்டு, ஒளிக்க மாட்டேன். பெருகிவந்த வழக்குகளுக்கு அஞ்சித் தடுப்பூசித் தொழிலை விட்டுப் பல ஆலைகள் விலகின. ஊசியே இல்லாமற் போனால், ஊசியால் ஒருவருக்கு வரும் கேட்டைவிட ஊசியின்றி ஊருக்கு வரும் கேடு பெரிதல்லவா? அதனால் 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு தடுப்பூசிக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் என வரி. அவ்வரியால் ஒரு பொது நிதி. ஊசியால் கேடுற்றவர் ஆலையின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, நிதியிலிருந்தே இழப்பீடு பெறலாம். குறைகள் அதிலும் உண்டு, காலதாமதமும் உண்டு. ஆனால் கருத்தைப் பார்! பெல்லியின் நாவன்மை இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் கதவு திறக்கும் ஏற்பாடு அது.

மருத்துவர்கள் பக்கத்திலும் குமுறல் எழுந்தது. காப்பீட்டுக் கம்பெனிகள் கட்டணத்தை விண்ணுக்கு ஏற்றின. 1975இல் வட கலிபோர்னியாவில் மயக்க மருந்து மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். அவ்வாண்டே மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. வலிக்கும் வேதனைக்கும் எவ்வளவு கொடுமை நேர்ந்தாலும் 2,50,000 டாலருக்கு மேல் இழப்பீடு இல்லை என்று எல்லை கட்டியது. வழக்கறிஞரின் கூலிக்கும் வரம்பு விதித்தது.

எல்லை கட்டினால் என்ன, எல்லாருக்கும் ஒரே எல்லைதானே என்கிறாயா? கணக்குப் போட்டுப் பார். மாதம் பல்லாயிரம் ஈட்டும் ஒருவர் முடமானால், இழந்த ஊதியம் என்று தனியே வாங்கலாம். அதற்கு எல்லை இல்லை. ஊதியமே இல்லாத குழந்தை? அடுக்களையில் உழைத்து ஒரு காசும் சம்பளம் பெறாத தாய்? வேலை ஓய்ந்த முதியவர்? அவர்களுக்கு வேதனை ஒன்றுதான் கணக்கு. அந்தக் கணக்குக்குத்தான் பூட்டு! விலைவாசி ஏறியது, கூலி ஏறியது, மருத்துவமனைக் கட்டணம் ஏறியது. அந்த 2,50,000 மட்டும் 47 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2022இல் திருத்திய சட்டம் 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இறப்பில்லாத வழக்குக்கு 3,50,000, இறப்புக்கு 5,00,000 என்று தொடங்கி ஆண்டுதோறும் படிப்படியாய் உயர வழி செய்தது. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தலை நரைத்த பின் வந்த திருத்தம்!

இப்போது பயத்துக்கு வருகிறேன்.

பெல்லியின் கூலி முறை எது? தோற்றால் ஒன்றுமில்லை, வென்றால் தொகையில் பங்கு. பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு என்பது அந்நாட்டு வழக்கம். ஏழை ஒரு காசும் இல்லாமல் பெரிய வழக்கறிஞரைப் பெறலாம், அது நன்மை. ஆனால் வழக்கறிஞர் எந்த வழக்கை எடுப்பார்? நீதி மிகுந்ததையா, நிதி மிகுந்ததையா? சின்னக் கேடுற்றவன் வாயிலில் நின்று திரும்ப வேண்டியதுதான். நாக்கு வாடகைக்குக் கிடைக்கும். வாடகை கட்டுபடியாகும் இடத்துக்குத்தான் அது வரும்.

ஆடம்பரமும் அவரோடு பிறந்தது. வென்ற நாளில் அலுவலகக் கூரையில் கடற்கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடி ஏறும், பீரங்கி முழங்கும்! வென்றவர்க்கு விழா, அதே நாளில் தோற்றவர் வீட்டில்? நாவன்மை எப்போதும் வெல்வதுமில்லை. கென்னடியைச் சுட்டவன் என்று பிடிபட்ட ஆஸ்வால்டை, ஜாக் ரூபி என்பவன் சுட்டுக் கொன்றான். ரூபிக்காகப் பெல்லி வாதாடினார். மூளை அலைப் பதிவுகளை நீட்டி, நோயால் நிலைதவறிச் செய்தான் என்றார். 1964 மார்ச் 14இல் ஜூரிகள் மரண தண்டனை தந்தனர். முடிவெடுக்க இரண்டரை மணி நேரமும் தேவைப்படவில்லை. 1966இல் மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று என்பது வேறு செய்தி. மஞ்சள் பொட்டலம் வென்ற அதே மனிதரிடம், மூளை அலைத் தாள் தோற்றது. ஒருவரின் திறமையில் தொங்கும் நீதி, அத்திறமை சறுக்கினால் தானும் சறுக்கும்.

இனி, நம் மண்ணுக்கே அவர் வந்த கதை.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. போபால். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுக் காற்று நகரத்தின்மேல் கவிந்தது. உறங்கியவர்கள் உறங்கியபடியே, ஓடியவர்கள் ஓடியபடியே. மருத்துவமனைகளில் மருத்துவர்கள், தாம் எந்த நஞ்சோடு போராடுகிறோம் என்று தெளிவாக அறியாமலே போராடினார்கள். மருத்துவர் பகைவரல்லர் என்றேனே, அந்த இரவுக்கு மேல் சான்று வேண்டுமா?

டிசம்பர் 7இல், ஐந்தே நாளில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனிய மன்றத்தில் பெல்லி வழக்குத் தொடுத்தார். கேட்ட தொகை 1,500 கோடி டாலர். பிறகு போபாலுக்கே வந்தார். அவரைப் போலவே இன்னும் பலர் வந்தனர். கண் எரிந்து, நுரையீரல் வெந்து கிடந்தவர்களிடம் அமெரிக்க வழக்கறிஞர்களின் ஆட்கள் தாளை நீட்டிக் கட்டைவிரல் ரேகை வாங்கினர். பிணங்களைக் கண்டு வட்டமிடும் கழுகுகள் என்றனர் சிலர். ஏழைக்காகக் கடல் கடந்து வந்த கருடன்கள் என்றனர் சிலர். எதுவாயினும் கேள்: அந்தக் காலையில் ஏழையின் குடிசை வாயிலுக்கு வேறெந்த நாக்கு வந்தது?

1985இல் இந்திய அரசு சட்டமியற்றி, பாதிக்கப்பட்டோர் அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. வாடகை நாக்குகள் விலகின. அரசின் நாக்கு வந்தது. 1986 மே 12இல் நியூயார்க் நீதிபதி கீனன், இது இந்திய மன்றங்களில் நடக்க வேண்டிய வழக்கு என்று திருப்பி அனுப்பினார். 1989 பிப்ரவரி 14இல் உடன்பாடு: 47 கோடி டாலர். பெல்லி கேட்டதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பங்கிடப்பட்டது. தொடக்கத்தில் 25,000 ரூபாயோடு வீடு திரும்பியவர்கள் ஏராளம். கூடுதல் இழப்பீடு கேட்டு அரசு தொடுத்த சீராய்வு மனுவை 2023 மார்ச் 14இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அரசின் நாக்கு வாடகை கேட்கவில்லை. ஆனால் அது யாருக்காகப் பேசிற்றோ அவர்களைக் கேட்டுப் பேசவில்லை. வாடகை நாக்கால் வரும் குறை ஒன்று. கேளாமல் பேசும் நாக்கால் வரும் குறை வேறொன்று!

பெல்லியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். தம் இறுதி ஆண்டுகளில், மார்பில் சிலிக்கோன் பொருத்திக்கொண்டு கேடுற்றதாக முறையிட்ட சுமார் 800 பெண்களுக்காக டோ கார்னிங் கம்பெனிமீது வழக்காடினார். நிபுணர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தம் கைப்பணத்தைக் கொட்டினார். 1995 மே திங்களில் அந்தக் கம்பெனி திவால் என்னும் கோட்டைக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டது. போட்ட பணம் திரும்பவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பெல்லியின் நிறுவனமும் திவால்! கம்பெனிக்குத் திவால் என்பது கவசம்; தனி மனிதருக்கு அது கல்லறையின் முன்வாயில். ஏழு திங்களில் அவர் மறைந்தார்.

அவர் திவாலான அதே 1995ஆம் ஆண்டு நவம்பர் 13இல், தில்லியில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. கட்டணம் வாங்கும் மருத்துவமும் 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். கேடுற்றவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்றது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பின் மறுபக்கம்? எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை இதற்குள் வராது. காசு கொடுத்தவன் நுகர்வோன். காசில்லாதவன் நுகர்வோனும் அல்லன்! அவன் உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட படிக்கட்டில் ஏறலாம். ஏற வழக்கறிஞர் வேண்டுமே? வென்றால் பங்கு என்று பேசிக்கொள்ளும் முறை நம் வழக்கறிஞர் விதிகளில் தடுக்கப்பட்டது. அமெரிக்க ஏழைக்கு வாடகை நாக்காவது உண்டு, நம் ஏழைக்கு?

சொந்த நாக்கு ஒன்று வென்றதையும் சொல்ல வேண்டும். 1998இல் கொல்கத்தாவில் தவறான சிகிச்சையால் மனைவியை இழந்த ஒருவர், பதினைந்து ஆண்டுகள் ஓயாமல் போராடி, 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு பெற்றார், வட்டி தனி. அவர் யார் தெரியுமா? அவரே மருத்துவர், அமெரிக்காவில் வாழ்ந்தவர். மருத்துவ நூல் அவருக்கு மனப்பாடம். மௌனச் சுவரின் உட்புறம் அறிந்தவர் அவர். அவருக்கே பதினைந்து ஆண்டுகள்! செங்கல் சுமக்கும் சின்னானுக்கு எத்தனை ஆண்டுகள்? களை பறிக்கும் காளியம்மாவுக்கு எத்தனை பிறவிகள்?

ஆகவே, தோழனே, பெல்லிகள் வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. பெல்லி இல்லாமலே வழக்கு நடக்கும் வழி வேண்டும் என்கிறேன். நோயாளியின் குறிப்பேடு கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி சொல்கிறது. அந்த விதியை ஒவ்வொரு மருத்துவமனையின் வாயிலிலும் தமிழில் எழுதி வைக்கட்டும். கேடு நேர்ந்தால் ஆராய, அடுத்த தெரு நண்பரல்லாத மருத்துவர் குழு வரட்டும். காசு கொடுத்தவன், கொடுக்காதவன் என்ற கோடு அழியட்டும். குற்றம் எவருடையது என்ற விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். முடமான குழந்தையின் பசிக்குப் பொது நிதி மறு பக்கம் பொறுப்பேற்கட்டும். இதனால் நல்ல மருத்துவர் அஞ்ச வேண்டியதில்லை. இழப்பீட்டுக்கு அவர் தலையை அடகு வைக்கத் தேவையில்லாதபோது, உண்மையைச் சொல்ல அவர் நாவும் விடுதலை பெறும்.

கண்ணகி வென்றாள், ஆனால் கோவலன் திரும்பவில்லை. தீர்ப்பு வரும்போது தீ மட்டுமே மிஞ்சும் நாட்டில், சிலம்பு உடைக்கும் வீரத்தைப் புகழ்ந்துகொண்டே இருப்பதா? மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டினான் என்பது பழங்கதை. அக்கதையில் என்னைக் கவர்ந்தது மன்னனல்லன், மணியின் கயிறு! பசுவின் கொம்புக்கும் எட்டும் உயரத்தில் அது தொங்கிற்று. வாயில்லாத உயிர் இழுத்தது, வழக்கறிஞரைத் தேடவில்லை.

அடுத்த முறை மருத்துவமனை வாயிலைக் கடக்கும்போது அண்ணாந்து பார், தோழனே. அங்கே மணி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. கயிறு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார். எட்டவில்லையென்றால், அதை இறக்கிக் கட்டச் சொல்லிக் கேட்க உனக்கு வாடகை நாக்கு வேண்டியதில்லை. உன் சொந்த நாக்குப் போதும்.